முகத்தை இழைத்து, மரத்தை அப்பினால்

ஓவியம் பழகுகிறவர்கள் பலரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. முகம் என்றால் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நுணுக்கமாக வரையும் ரியலிசம், மரம் மட்டை என்றால் அந்த நேரத்து வெளிச்சத்தைத் தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிசம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாட்டியின் முகத்தைச் சுருக்கம் சுருக்கமாக மூன்று வாரம் இழைத்துவிட்டு, பின்னால் இருந்த வேப்பமரத்தை ஒரே மதியத்தில் பட்டை பிரஷ்ஷால் அப்பி முடித்தேன். காலண்டரிலிருந்து கத்தரித்து ஒட்டியதுபோல நின்றார் பாட்டி.

கோளாறு விளிம்பில். முகத்தைச் சுற்றி ஒரே கூர்மையில் கோடு ஓடினால் அது பின்னணியோடு சேரவே சேராது. நேரில் பாருங்கள்: வெளிச்சம் விழும் கன்னம் துலக்கமாக இருக்கும், நிழல் பக்கத்துக் காதும் கழுத்தும் பின்னால் இருப்பதோடு கரைந்துபோகும். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த உருவப்படங்களில் கண்ணும் வாயும் அவ்வளவு திருத்தமாக இருக்கும், கையும் உடையும் சில வீச்சுகளில் முடிந்துவிடும். எங்கே கூர்மை வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் படம் முழுவதற்குமாக முடிவு செய்திருப்பார்.

அடுத்தது, இம்ப்ரெஷனிசம் என்றால் அவசரமாகத் தீற்றுவது என்ற நினைப்பு. 1890-91இல் இம்ப்ரெஷனிச ஓவியர் மோனே பிரான்ஸின் ஜிவெர்னி கிராமத்தில் வைக்கோல் போர்களை 25 கேன்வாஸ்கள் அளவுக்கு வரைந்தார். வெளிச்சம் மாறியதும் கேன்வாஸை மாற்றிக்கொண்டு, பழைய வெளிச்சம் திரும்பும்போதுதான் பழையதைத் தொடுவார். நாமோ காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, எழாமல் மதியம் வரை வரைகிறோம். என் படம் ஒன்றில் பனைமரத்தின் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும், பக்கத்துச் சுவரின் நிழல் சுவரடியில் ஒடுங்கியிருக்கும். ஒரே வானத்தில் இரண்டு சூரியன்! முதல் கால் மணி நேரத்துக்குள் நிழலின் எல்லைகளைக் குறித்துவிடுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் குறித்ததை மாற்றாதீர்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அதே நேரத்துக்குப் போங்கள். தோட்டத்தில் சிறுமிகள் விளக்கேற்றும் தன் பெரிய படத்துக்காக, சார்ஜென்ட் 1885, 1886 என இரண்டு ஆண்டுகள் அந்தி வெளிச்சம் நிற்கும் சில நிமிடங்களில் மட்டுமே வரைந்தார்.

கறுப்பு விஷயம் சுவாரசியமானது. மோனேயோடு சேர்ந்து வெளியில் வரையப் போன சார்ஜென்ட் கறுப்பு கேட்டாராம். தன்னிடம் இல்லை என்றாராம் மோனே. மர நிழலில் கறுப்பைக் குழைத்தால் வெயிலே செத்துவிடும், உண்மைதான். அதற்காகக் கறுப்பைத் தொடவே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தில் மஞ்சளைக் கலந்து பாருங்கள், ட்யூபிலிருந்து பிதுக்கும் பச்சையைவிட நம்பும்படியான இலைப்பச்சை வரும்.

முகத்தில் இலையின் பச்சையும் நிழலின் ஊதாவும் வந்தால்? 1876இல் காட்சிக்கு வைத்த ஒரு படத்தில், இன்னொரு இம்ப்ரெஷனிச ஓவியரான ரெனுவார் மரத்தடியில் ஒரு பெண்ணின் உடலில் அப்படித்தான் ஒளியைத் தெளித்திருந்தார். அழுகும் சதை என்று எழுதினார் ஃபிகாரோ பத்திரிகை விமர்சகர். ரெனுவாரின் டோன், அதாவது நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி என்பது, சரியாக இருந்ததால் அந்தப் படம் இன்றும் நிற்கிறது. நம் படத்தில் அதே பச்சை அடிபட்ட கன்னம்போலத் தெரிந்தால், நிறத்தைத் திட்டுவதற்கு முன்னால் அடர்த்தியைச் சரிபாருங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கலாம். படத்தை மொபைலில் கறுப்பு வெள்ளையாக எடுத்தும் பார்க்கலாம்.

மொபைல் இதற்கு மட்டும் போதும். கிட்டத்தில் வைத்து எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும். முடிந்தவரை ஆளை எதிரே ஆறடி தள்ளி உட்காரவைத்து வரையுங்கள்.

பாட்டியின் படத்தைப் பிறகு ஒருநாள் எடுத்து, நிழல் பக்கத்துக் காதின் மேல் வேப்பமர நிறத்தையே மெலிதாக இழுத்துவிட்டேன். "காதை எங்கேடா காணோம்?" என்றார் அம்மா. கம்மல் மட்டும் மினுங்குகிறது.