ஆட்கடத்தலில் இருந்து மீண்டவர் சிவில் வழக்கில் நஷ்ட ஈடு கேட்பது எப்படி?

ஆட்கடத்தல் என்று இங்கே சொல்வது, ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைக் கொண்டுபோய் வேலையிலோ பாலியல் தொழிலிலோ சுரண்டுவதை. கடத்தியவர்மேல் போலீஸ் போடும் கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் அதில் பெரும்பாலும் ஒரு சாட்சிதான். சிவில் வழக்கில் அவரே வாதி. யார்மேல் போடுவது, எவ்வளவு கேட்பது, சமரசத்துக்கு இறங்குவதா என்பதெல்லாம் அவர் முடிவு. ஆட்கடத்தலுக்கு எதிராக 2000-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலேர்மோ நெறிமுறையும், இழப்பீடு பெறும் வாய்ப்பு உறுப்பு நாடுகளின் சட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வழிதான் நாட்டுக்கு நாடு மாறும்.

படி 1: பாதுகாப்பும் வக்கீலும்

வழக்குப் போடப்போவதாகக் கடத்தியவரிடமோ, வேலைக்கு ஆள் பிடித்த ஏஜென்டிடமோ வாய்விட வேண்டாம். சொன்னால் மிரட்டல் வரும், ஆதாரம் மறையும். முதலில் இலவசச் சட்ட உதவி மையத்தையோ, மீட்கப்பட்டவர்களுக்கான அமைப்பையோ அணுகுங்கள். விசா சிக்கல் இருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 2: ஆதாரம்

"என்னிடம் எந்தக் காகிதமும் இல்லையே" என்பார்கள் பலர். பழைய போனைத் தேடிப் பாருங்கள். "கடனை அடைக்காமல் எங்கே போவாய்?" என்று வந்த ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு, பத்துப் பக்க ஒப்பந்தத்தைவிட அதிகம் பேசும். அதை அழிக்காதீர்கள், எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அசல் போனையும் பத்திரமாக வையுங்கள். ஏஜென்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது, தங்கவைத்த அறையின் படம், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிய நாள் எல்லாம் உதவும். எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், எப்போது வேலை முடிந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதுங்கள்.

படி 3: யார்மேல் வழக்கு?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடத்தியவர் கையில் காசே இல்லாமல் போகலாம். அவரால் லாபம் பார்த்த நிறுவனத்திடம் இருக்கும். அமெரிக்காவில் 2003-இல் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடத்தியவர்மேல் சிவில் வழக்குப் போடும் உரிமை வந்தது. 2008-இல், ஆட்கடத்தல் என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஆதாயம் அடைந்தவர்கள்மேலும் வழக்குப் போடலாம் என்று விரிந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவரை போகிறது என்று வக்கீலிடம் கேளுங்கள்.

படி 4: கணக்கு

கொடுக்காத சம்பளம், ஓவர்டைம், ஏஜென்ட் கட்டணம், மருத்துவச் செலவு, மன உளைச்சல் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சில நாடுகளில் தண்டனையாகக் கூடுதல் தொகையும் கேட்கலாம். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டவரின் வருமானத்தைக் கடத்தியவர் பறித்திருந்தால், அதையும் அவரிடமிருந்து கேட்க வழி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023-இல் பல்கேரியா வழக்கொன்றில் சொன்னது. "சட்டவிரோத வருமானம்தானே" என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

படி 5: காலக்கெடுவும் பெயரும்

வழக்குப் போட அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 10 ஆண்டுகள்; சிறு வயதில் பாதிக்கப்பட்டவருக்கு 18 வயது நிறைந்த பிறகு 10 ஆண்டுகள். வேறு நாடுகளில் இது மாறும், சம்பள பாக்கிக் கோரிக்கைக்குக் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். அப்புறம், சொந்தப் பெயர் வெளியே வராமல் வழக்கு நடத்த அனுமதி கிடைக்குமா என்று மனு போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 6: வசூல்

தீர்ப்பு வேறு, பணம் வேறு. 2006 வாக்கில் இந்தியாவிலிருந்து வெல்டர்களையும் பைப் பிட்டர்களையும் வரவழைத்துச் சுரண்டிய சிக்னல் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு எதிராக, 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி (நீதிமன்றத்தில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) ஐந்து தொழிலாளர்களுக்கு சுமார் 1.4 கோடி டாலர் கொடுக்கத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறுவனம் திவால் மனு போட்டது. கடைசியில் விவகாரம் சமரசத்தில்தான் முடிந்தது. அதனால் எதிராளியின் வீடு, வங்கிக் கணக்கு, காப்பீடு எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளிலிருந்தே வக்கீலிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். சொத்தை விற்றுவிடுவார் என்று தோன்றினால், தீர்ப்பு வரும்வரை முடக்கிவைக்க மனு போட முடியுமா என்றும் கேளுங்கள். எதிராளியிடம் எதுவுமே இல்லையென்றால், அரசின் இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிப்பதே வேகமான வழியாக இருக்கலாம்.