மலைநாட்டில் சாதாரண காருக்கு டர்போ: என்ஜின் தாங்குமாறு பொருத்துவது எப்படி

ஏசியையும் போட்டுக்கொண்டு நாலு பேரோடு கினிகத்தேனை ஏற்றம் ஏறியவர்களுக்கு 1500 சிசி கார் எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று தெரியும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 0.81 பார், கொழும்பில் 1.01 பார். என்ஜினுக்குள் போக வேண்டிய காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மேலே கிடைப்பதில்லை. என்ஜினின் புகை வாயுவால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இந்தக் குறைக்கு நல்ல மருந்து. 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியியலாளர் ஒரு விமான என்ஜினைப் பைக்ஸ் பீக் மலையில், சுமார் 4300 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்ததும் இதற்காகத்தான்.

ஆகவே நம் ஊரில் டர்போ ஆசை நியாயமான ஆசை. ஆனால் டர்போ இல்லாமல் வந்த என்ஜின் எவ்வளவு காலம் தாங்கும் என்பது, நீங்கள் ஏற்றும் அழுத்தத்தையும், அதை எந்த உயரத்தில் வைத்து டியூன் செய்கிறீர்கள் (பெற்றோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் அமைக்கிறீர்கள்) என்பதையும் பொறுத்தது. நம் பக்கம் நிறைய ஓடும் டொயோட்டா அலியன் 240 காரில் உள்ள 1500 சிசி 1என்இசட் என்ஜினை மனதில் வைத்தே எழுதுகிறேன். கார் சீவிடி கியராக (பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டால் வேகம் மாற்றும் ஒட்டோ கியர்) இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அதன் பெல்ட் இந்தக் கூடுதல் முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டதல்ல.

முதல் படி: கொம்ப்ரஷன் பாருங்கள்

என்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது (அதுதான் கொம்ப்ரஷன்) என்று அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட என்ஜினில் டர்போ போடாதீர்கள்.

இதில் ஒரு விஷயம்: கையேட்டில் உள்ள அளவு கடல் மட்டத்துக்கு உரியது. நுவரெலியாவில் அளந்தால் நல்ல என்ஜினும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து என்ஜினைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: சூடும் ஒயிலும்

டைனோவில் (காரை நிறுத்தியபடி சக்கரத்தைச் சுழலவிட்டு வலுவை அளக்கும் இயந்திரம்) ஒரு ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடும். கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறுவதோ மணிக்கணக்கான வேலை, அதுவும் லொறிக்குப் பின்னால் மெதுவாக, ரேடியேட்டருக்குக் காற்றே படாமல். பழைய ரேடியேட்டரை முதலில் மாற்றுங்கள். விசிறி, தெர்மோஸ்டாட், கூலன்ட் மூன்றையும் பாருங்கள். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கட்டாயம் வேண்டும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அது ஒயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஒயில் உள்ளே போகும் குழாயை எல்லோரும் கவனிப்பார்கள். திரும்பி வரும் குழாயில்தான் தவறு நடக்கும். அங்கே பம்ப் கிடையாது, ஒயில் தானாக வடிய வேண்டும். குழாய் அகலமாக, எங்கும் மேலே வளையாமல் இறங்கி, சம்ப்பில் (என்ஜினின் அடியில் உள்ள ஒயில் தொட்டி) ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கார் செங்குத்தான ஏற்றத்தில் நிற்கும்போது ஒயில் ஒரு பக்கம் சாயும், அந்தச் சாய்வையும் கணக்கில் எடுங்கள். சரியாக வடியாவிட்டால் டர்போவின் சீல் வழியே ஒயில் கசிந்து நீலப்புகை வரும். முழு சிந்தெடிக் ஒயில் ஊற்றி, 5000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள்.

மூன்றாம் படி: பெற்றோலும் பிளக்கும்

இந்த என்ஜினின் கொம்ப்ரஷன் விகிதம் 10.5:1. டர்போவுக்கு இது அதிகம், ஆகவே நொக் (பெற்றோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்துத் தட்டுவது) சீக்கிரம் வரும். ஒக்டேன் 95 ஊற்றுங்கள், ஆனால் 92க்கும் தாங்கும்படி டியூன் செய்யச் சொல்லுங்கள். தோட்டப்புறத்து நிரப்பு நிலையங்கள் எல்லாவற்றிலும் 95ஐ எதிர்பார்க்க முடியாது. பெரிய இன்ஜெக்டர், வலுவான பம்ப், ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாக வெளியேற்றும்) பிளக், காற்று–பெற்றோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இவை இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். பூஸ்ட்டில் (டர்போ கூடுதல் அழுத்தம் ஏற்றும்போது) அந்த விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்கட்டும்.

நான்காம் படி: பூஸ்ட் எவ்வளவு, டியூன் எங்கே

0.35 பார், அதாவது சுமார் 5 பிஎஸ்ஐ. பிஸ்டனும் அதைத் தாங்கும் கொன்ரொட்டும் மாற்றாத என்ஜினுக்கு இதற்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பூஸ்ட் மீறாமல் புகை வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் வெளியே உள்ள காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்றுதான் அளக்கும். நுவரெலியாவில் 0.35 என்றால் என்ஜினுக்குள் மொத்தம் 1.16 பார். அதே கார் கித்துல்கல தாண்டி அவிசாவளைக்கு இறங்கினால் மீட்டர் அதே 0.35ஐத்தான் காட்டும், உள்ளே மொத்தம் ஏறக்குறைய 1.36 பார் ஆகியிருக்கும். காற்றும் சூடு. மேலே வைத்து டியூன் செய்தபோது அந்த அழுத்தத்துக்கான பெற்றோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். மேலே அருமையாக ஓடிய என்ஜின் கீழே நொக் அடித்துப் பிஸ்டன் ரிங் உடைவதற்கு இது போதும். ஆகவே டியூனைத் தாழ்நிலத்தில், வெயில் நேரத்தில் செய்து முடியுங்கள். பிறகு மேலே வந்து சரிபாருங்கள். பல சாதாரண கார்களின் மேப் சென்சர் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி) வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் அளக்காது, அதையும் மாற்ற வேண்டிவரும்.

ஐந்தாம் படி: முதல் ஓட்டங்கள்

ஏற்றத்தில் உயர்ந்த கியரில் குறைந்த சுற்றில் இழுக்க விடாதீர்கள், கியரைக் குறையுங்கள். ஏறி முடித்தவுடன் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டைச் சுற்றியுள்ள ஒயில் கருகிவிடும். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுதிக் கொடுங்கள்.

முதல் தடவை கீழே போய்வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ, மினுங்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் நொக் நடந்திருக்கிறது. பூஸ்ட் ஏறவிடாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு நேரே டியூன் செய்தவரிடம் போங்கள்.