ஆங்கிலம் முதலில், அடுத்தது எந்த மொழி?

ஜெர்மன் வகுப்புக்கோ ஜப்பானிய வகுப்புக்கோ பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். உங்கள் வேலை அல்லது படிப்பு பற்றி ஆங்கிலத்தில் 2 நிமிடம் பேசி, போனில் ரெக்கார்ட் செய்யுங்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. திரும்பக் கேட்கும்போது மூன்று நான்கு இடத்தில் வாக்கியம் பாதியிலேயே நின்றிருந்தால், இன்னொரு ஆறு மாதத்தை ஆங்கிலத்துக்கே கொடுங்கள். சென்னையில் அந்நிய மொழி தெரிந்தவர்களைத் தேடும் வேலைகளிலும் முதல் சுற்று பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

வாக்கியம் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் சொற்பஞ்சம் அல்ல, வரிசை. தமிழில் ‘நேற்று வந்த பையன்’ என்று விவரத்தை முதலில் சொல்லி, ஆளைக் கடைசியில் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘தி பாய்’ முதலில் வந்தாக வேண்டும். ‘ஹூ கேம் எஸ்டர்டே’ பின்னால்தான். மனசுக்குள் தமிழில் கட்டிய வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டப் போய்த்தான் நாக்கு சிக்குகிறது. யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னால் கோத்துக்கொண்டே போங்கள். தினமும் இப்படிப் பத்து வாக்கியம், வாய்விட்டு.

அடுத்த தொல்லை ‘இங்’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங் ஹிம்’ இரண்டும் தவறு. உடைமை, அறிதல், விருப்பம் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகள் அந்த ‘இங்’கை ஏற்பதில்லை. ‘பற்றிப் பேசினோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறோம், அங்கே ‘அபவுட்’ வேண்டாம். ‘இன்றைக்கே’ என்பதன் ஏகாரம் ‘டுடே இட்செல்ஃப்’ ஆகிவிடுகிறது. சென்னைக்குள் யாருக்கும் புரியும், வெளிநாட்டு வாடிக்கையாளர் புருவத்தை உயர்த்துவார்.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘அ’, ‘தி’ இரண்டையும் விதி படித்து மட்டும் பிடிக்க முடியாது. ஆங்கில நாளிதழில் நூறு சொல் அளவுக்கு ஒரு செய்தியை எடுத்து, அவற்றையும் ‘இன், ஆன், அட்’ வகையறாக்களையும் விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் கோடிட்ட இடத்தை நிரப்பி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

உச்சரிப்பில் நம் எழுத்தே நம்மை ஏமாற்றும். முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் ஒரே ‘பேக்’தான். ஒரு டிஷ்யூ தாளை வாய்க்கு முன் இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். பேனாவுக்கான ‘பென்’ சொல்லும்போது காற்றடித்துத் தாள் ஆட வேண்டும். பால், பேட் என்று கிரிக்கெட் சொற்களைச் சொல்லும்போது ஆடக் கூடாது. நம் இயல்பான ‘ப’வில் அந்தக் காற்று இல்லை. சொல்லின் கடைசியில் வரும் க, க்காவுக்கு வேறு தந்திரம்: பையைக் குறிக்கும் சொல்லில் உயிரொலியைச் சற்று நீட்டுங்கள், முதுகைக் குறிக்கும் சொல்லில் சட்டென்று நிறுத்துங்கள். ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று கடைசியில் ஒட்டும் உகரத்தையும், ‘யெக்ஸாம்’, ‘வொன்லி’ என்று முன்னால் முளைக்கும் ஒலியையும் கழற்றுங்கள். அமெரிக்க உச்சரிப்பு வேண்டியதில்லை.

இனி இரண்டாவது மொழி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கான கணக்கில் ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு நான்கையும் மிகக் கடினமான வகையில், சுமார் 2200 வகுப்பு மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கான கணக்கு. தமிழருக்கு அப்படியில்லை: ‘கினோ சென்னை காரா கிமாஷிதா’ என்ற ஜப்பானிய வாக்கியத்தை அப்படியே வரிசை மாறாமல் ‘நேற்று சென்னையிலிருந்து வந்தேன்’ என்று தமிழாக்கலாம். கொரியனும் இதே வரிசைதான். இலக்கணம் நம் பக்கம். எழுத்துதான் எதிரி, அதுவும் ஜப்பானியத்தில் மட்டும். அங்கே அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த காஞ்சி எழுத்துகளே 2136. கொரிய எழுத்தில் அடிப்படை 24தான், ஒரு வாரத்தில் வாசிக்க வந்துவிடும்.

ஆனால் எளிதானது என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்; எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் மேற்படிப்பு, நர்ஸிங் வேலை என்றால் ஜெர்மன். ஹூண்டாய் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதால், அதைச் சுற்றிய கம்பெனிகளில் வேலை தேடுபவருக்குக் கொரியன். ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் ஐ.டி. ஆட்களுக்கு ஜப்பானியம். கனடாவில் குடியேற நினைப்பவருக்கு ஃபிரெஞ்சு கூடுதல் பலம். வளைகுடாவில் அலுவலக வேலைக்குப் போகிறவர் அரபு தெரியாமலே ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ப்ளஸ் டூவில் மார்க்குக்காக எடுத்த ஃபிரெஞ்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பலர் சறுக்குவது ஏ1 என்ற முதல் நிலையில். அந்தச் சான்றிதழை ரெஸ்யூமில் போட்டு வேலை எதிர்பார்ப்பது வீண். மொழியை வைத்தே சம்பளம் என்றால் ஐரோப்பிய மொழிகளில் பி2 (ஆறு நிலைகளில் நான்காவது), ஜப்பானியத்தில் என்2 (என்5-இல் தொடங்கும் ஐந்து நிலைகளில் நான்காவது) அளவு வேண்டும். ஜெர்மன் பி2 வரை சுமார் 600 முதல் 800 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். சனி, ஞாயிறு மட்டும் வாரம் 6 மணி நேரம் படித்தால், விடுப்பே இல்லாமல் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. அதற்குத் தயாரில்லை என்றால் தொடங்காமலிருப்பது பணத்துக்கு நல்லது.

தேர்வுத் தேதியையும் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆங்கிலத்துக்கான ஐ.இ.எல்.டி.எஸ்., கொரியனுக்கான டோபிக் இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணும் 2 ஆண்டுக்குத்தான் செல்லும். ஜப்பானியத்தின் ஜே.எல்.பி.டி. தேர்வுக்குக் காலாவதி இல்லை. ஆனால் சென்னையில் அது ஜூலை, டிசம்பர் மாதங்களில்தான் நடக்கும், பதிவு பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அதில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால் என்3 தேறியும் வாய் திறக்காதவர்கள் உண்டு. பேசிப் பழக வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நுங்கம்பாக்கத்தில் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், ஃபிரெஞ்சுக்கு அலியான்ஸ் ஃபிரான்சேஸ்; ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், கொரியனுக்கு இன்கோ மையம் என்று நகரத்திலேயே நம்பகமான இடங்கள் இருக்கின்றன. தெருமுனை இன்ஸ்டிடியூட்டில் சேர்வதானால் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன், பி1 பேட்ச் இப்போது நடக்கிறதா என்று கேட்டு, அந்த வகுப்பில் ஒரு நாள் உட்கார அனுமதி வாங்குங்கள். ஏ1-க்கு முப்பது பேர் சேர்ந்து, பி1-க்கு ஆள் இல்லாமல் பேட்சே கலைந்துபோகும் இடங்களில் பாதிவழியில் மாட்டிக்கொள்வீர்கள்.