கூகாவை எபிசோடு எபிசோடாகப் பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘காமென் ரைடர் கூகா’ என்ற சூப்பர் ஹீரோ தொடர் 2000 ஜனவரி 30, ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜப்பானின் டிவி அசாஹி சேனலில் தொடங்கியது. 2001 ஜனவரி 21-இல் முடிந்தது. மொத்தம் 49 எபிசோடு. விளம்பரம் போக ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபத்து நான்கு நிமிடம். மனம் வைத்தால் ஒரு வார இறுதியிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அப்படிப் பார்த்து முடித்தவர்களிடம் கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப இழுவை.”

ஓராண்டு முழுக்க வாரம் ஒருமுறை பார்ப்பதற்காக எழுதிய கதை இது. எந்த வாரம் எதைச் சொல்வது, எதை இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது என்பதைத் தயாரிப்பாளர் ஷிகெனோரி தகாதெராவும் முதன்மை எழுத்தாளர் நருஹிசா அராகாவாவும் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவைக் கலைத்துவிட்டால் பார்ப்பதும் கெடும், பார்த்துவிட்டுப் பேசுவதும் கெடும். நாலைந்து பேர் சேர்ந்து வாரத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு பார்க்கும் நண்பர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகப் பார்ப்பவர்களும் படிக்கலாம். பெரிய முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கவில்லை.

முதல் எபிசோடோடு தீர்ப்பு எழுதுவது

முதல் எபிசோடில் நாயகன் யூஸ்கே கோடாய் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட் அவன் உடலுக்குள் இறங்கிவிடுகிறது. அவன் கூகாவாக மாறும் உருவம் வெள்ளை நிறம், குட்டைக் கொம்பு. அடியில் வலு இல்லை. எதிரி பெரிதாகத் தோற்காமலேயே சண்டை முடிந்துவிடுகிறது. “ஹீரோ இவ்வளவுதானா?” என்று இங்கேயே நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

வெள்ளை என்பது அரைமனதின் நிறம். அது இரண்டாவது எபிசோடில்தான் புரியும். அகழாய்வில் இறந்துபோன பேராசிரியரின் மகள் அழுவதை கோடாய் பார்க்கிறான். அதற்குப் பிறகு எரிந்துகொண்டிருக்கும் தேவாலயத்துக்குள், இனி யாருடைய கண்ணீரையும் பார்க்க விரும்பவில்லை என்று காவல் அதிகாரி இச்சிஜோவிடம் சொல்லிவிட்டு மாறும்போது நிறம் சிவப்பாகிறது. கோடாயாக நடித்த ஜோ ஒடகிரிக்கு அன்று பெரிய பெயர் கிடையாது. அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தால் நடிகராக அவர் பின்னால் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதில் வியப்பு இருக்காது. முதல் எபிசோடு கேள்வி, இரண்டாவது அதன் பதில். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

தொடர் முழுக்கப் பெரும்பாலும் இதே அமைப்புதான். ஒரு வழக்கு, இரண்டு எபிசோடு. முதல் பாதியில் கூகா தோற்பான், அல்லது எதிரி தப்பிவிடுவான். அந்தப் பாதியோடு நிறுத்திவிட்டு “இந்த வாரம் சரியில்லை” என்று பேசுவது பாதி வாக்கியத்தைக் குறை சொல்வதுதான். அதற்காக ஒன்று இரண்டு, மூன்று நான்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஜோடி போட்டுக்கொண்டும் போகாதீர்கள். நடுவில் கணக்கு மாறும். உதாரணமாக 34-உம் 35-உம் ஒரே வழக்கு. அடுத்து எங்கே நிறுத்துவது என்பதை, ஏற்கெனவே பார்த்து முடித்த ஒருவரிடம் கேட்டு முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது.

எதிரியின் பேச்சை முன்கூட்டியே புரிந்துகொள்வது

இந்தத் தொடரின் எதிரிகள் குரோங்கி என்ற இனம். அவர்களுக்குத் தனி மொழி. ஜப்பானிய அசைகளை வேறு அசைகளாக மாற்றி உருவாக்கிய மொழி அது. 2000-இல் ஒளிபரப்பானபோது அந்தப் பேச்சுக்கு சப்டைட்டில் போடவில்லை. ஜப்பானில் பார்த்தவர்களுக்கும் அது புரியாத இரைச்சல்தான். ரோஜாப் பச்சை குத்திய பெண் ஒருத்தி ஏதோ உத்தரவு இடுவாள், மற்றவர்கள் ஏதோ கேட்பார்கள், பிறகு ஊருக்குள் ஆட்கள் சாவார்கள். ஏன் கொல்கிறார்கள், யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. காவல்துறைக்கும் தெரியாது. தெரியாமையில் பார்வையாளரும் காவல்துறையும் ஒரே படியில் நிற்பதுதான் இந்தக் கதையின் அச்சம்.

ரசிகர்கள் அந்த மொழியை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். அதனால் இன்று கிடைக்கும் சில சப்டைட்டில்களில் குரோங்கி வசனத்துக்கும் மொழிபெயர்ப்பு ஓடுகிறது. முதல்முறை பார்க்கும்போது தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாத பிரதி என்றால் வேறு பிரதி தேடுங்கள். மூன்றாவது எபிசோடிலேயே அவர்கள் நோக்கம் தெரிந்துவிட்டால், காவல் துறை பல வாரம் தடுமாறிக் கண்டுபிடிக்கும் காட்சிகள் எல்லாம் உங்களுக்கு வெறும் தாமதமாகத் தெரியும். இழுவை என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தொடர் போகப் போக சில குரோங்கிகள் மனிதர்களின் மொழியைக் கற்றுப் பேசத் தொடங்குவார்கள். அதுவரை ஒரு சொல்லும் புரியாமல் இருந்த காதுக்குத்தான் அந்த மாற்றத்தின் குளிர் தெரியும். இரண்டாம் முறை பார்க்கும்போது மொழிபெயர்ப்போடு பாருங்கள். அது வேறொரு கதையாகவே இருக்கும்.

காவல்துறைக் காட்சிகளை ஓட்டிவிடுவது

பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்த நமக்கு, சண்டைக்கு முன்னால் வருவதெல்லாம் காத்திருப்பு நேரம் என்று ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கூகாவில் அந்தப் பழக்கம் உதவாது.

திரையில் ஓயாமல் இடமும் நேரமும் எழுத்தில் வரும். அலங்காரத்துக்குப் போட்டது என்று தாண்டிவிடாதீர்கள். 7, 8-ஆம் எபிசோடுகளில் வரும் தேனீ உருவ எதிரி பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கொல்கிறது. அந்த இடைவெளியைக் காவல்துறை கவனிக்கும் முன் நீங்கள் கவனித்துவிட முடியும். கவனித்த பிறகு மூலையில் வரும் ஒவ்வொரு நேரமும் வயிற்றைப் பிசையும். நண்பர்களோடு பேசும்போது “இந்தச் சாவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?” என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சுக்குச் சூடு பிடித்துவிடும்.

இன்னொன்று, காவல்துறை எதிரிகளுக்குக் கொடுக்கும் எண். அடையாளம் தெரியாத உயிர் எண் 1 என்பது சிலந்தி. எண் 3 வௌவால். இடையில் எண் 2 யார்? வெள்ளை உருவக் கூகா. எண் 4? சிவப்புக் கூகா. ஒரே ஆளுக்கு இரண்டு எண், அதுவும் கொலையாளிகளின் பட்டியலில். ஆரம்பத்தில் காவலர்கள் அவனைச் சுடவும் செய்கிறார்கள். அப்படிப்பட்ட துறையில் இருந்துகொண்டு, 4-ஆம் எபிசோடில் காவல்துறையின் சோதனை மோட்டார் சைக்கிளை இச்சிஜோ கோடாயிடம் ஒப்படைக்கிறார். அந்த முடிவின் எடை, முன்னால் வந்த அலுவலகக் காட்சிகளை ஓட்டிவிட்டவருக்குத் தெரியாது. அவருக்கு அது “ஹீரோவுக்கு பைக் கிடைத்தது”, அவ்வளவுதான். ஷிங்கோ கட்சுராயமா நடித்த இச்சிஜோவை இந்தத் தொடரின் இரண்டாவது நாயகன் என்றே சொல்வேன். அவர் இல்லாத கூகாவை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சண்டையை மட்டும் துண்டாகப் பார்க்கும் பழக்கம் 35-ஆம் எபிசோடில் பெரிய தவறாக முடிகிறது. அந்தச் சண்டையின் துண்டை இணையத்தில் பார்த்துவிட்டு ‘செம மாஸ்’ என்கிறார்கள். பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கை 34-இலிருந்து கூடவே வந்து பார்த்தவர்கள் கைதட்ட மாட்டார்கள். கோடாய்க்கு யாரையும் அடிப்பதே பிடிக்காது என்பதைத் தொடர் பல இடங்களில் காட்டிக்கொண்டே வருகிறது. அந்த மனிதன் இங்கே என்ன ஆகிறான் என்பதுதான் காட்சி. அதைக் கொண்டாட்டமாகப் பேசினால் தொடர் சொல்ல வந்ததற்கு நேர் எதிரே போய் நிற்போம்.

“பொம்மை விற்கத்தானே” என்று மூடிவிடுவது

பொம்மை விற்பனையை நம்பித்தான் இந்தத் தொடர்கள் நடக்கின்றன, அதில் ஒளிவுமறைவு இல்லை. சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று ஒரே ஹீரோவுக்கு நான்கு நிறம் வந்தால் கடையில் நான்கு பொம்மை வைக்கலாம். ஆனால் பேச்சை அந்த இடத்தில் முடித்துக்கொள்கிறவர் அதற்கு மேல் எழுத்தாளர்கள் செய்த வேலையைத் தவறவிடுகிறார்.

நீலத்தில் எட்டிக் குதிக்கலாம், அடியில் பலம் குறையும், கைக்குக் கோல் வேண்டும். பச்சையில் கண்ணும் காதும் எல்லை மீறிக் கூர்மையாகும், ஆனால் ஐம்பது விநாடிதான் தாங்கும். தாண்டினால் இரண்டு மணி நேரம் மாறவே முடியாது. 7-ஆம் எபிசோடில் இது எதுவும் தெரியாமல் முதல்முறை பச்சையாகும் கோடாய், நகரத்தின் எல்லா ஓசையும் ஒன்றாகத் தலைக்குள் கொட்டத் தவித்துப்போகிறான். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எதிரி பதினைந்து நிமிடக் கணக்கில் கொன்றுகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பச்சைக்கு ஆயுதம் வில். அது துப்பாக்கியிலிருந்துதான் உருவாகும். எனவே ஒரு காவல் அதிகாரி தன் துப்பாக்கியை, துறை தேடிக்கொண்டிருக்கும் ஒருவன் கையில் கொடுக்க வேண்டும். விற்க வேண்டிய பொம்மை ஒன்றிலிருந்து இரண்டு மனிதர்களின் நம்பிக்கையைப் பற்றிய கதையை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புது நிறம் வரும்போதும் “இதற்கு என்ன விலை கொடுக்கிறான்?” என்று கேட்டுப் பேசிப் பாருங்கள்.

உடையைப் பார்த்துச் சிரிப்பதும் இதோடு சேர்ந்ததே. கூகாவின் உடைக்குள் இருந்து நடித்தவர் கென்ஜி தோமினாகா. முகம் அசையாது, கண் தெரியாது. கழுத்தின் சாய்வும் தோளின் தளர்வும்தான் அவருக்குக் கருவி. மோட்டார் சைக்கிள் சாகசங்களில் டிரயல் (தடைகளைத் தாண்டி மோட்டார் சைக்கிள் ஓட்டும்) போட்டி வீரர் தகுமி நரிதா ஓட்டியிருக்கிறார். முன்சக்கரத்தைத் தூக்கி எதிரியை அறைவது உண்மையான ஓட்டம். மார்வெல் படங்களின் கணினி வரைகலையை வைத்து இதை அளப்பதில் பயன் இல்லை.

பெயரைத் தேடுவது

சுருக்கமாகவே சொல்கிறேன். எதிரியின் பெயரையோ, கூகாவின் உருவங்களின் பெயரையோ தேடாதீர்கள். விக்கிப் பக்கத்தின் முதல் வரியும், வீடியோக்களின் தம்ப்நெயிலும் 49-ஆம் எபிசோடு வரைக்கும் சொல்லிவிடும். ஏற்கெனவே பார்த்தவர் குழுவில் இருந்தால் அவருக்கும் ஒரு கடமை உண்டு. “பொறுத்திருந்து பாருங்க, இவனைப் பத்தி அப்புறம் தெரியும்” என்பதும் ஸ்பாய்லர்தான். இன்றைய எபிசோடு முடியும்போது கதை எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதை வைத்து மட்டும் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஊகம் தப்பினாலும் பரவாயில்லை.

கேமராவுக்குப் பின்னால் நடந்ததை மறப்பது

கதைக்குள் காரணம் தேடக் கூடாத இடங்களும் உண்டு. 1971-இல் வந்த முதல் ‘காமென் ரைடர்’ தொடரில் நாயகன் திடீரென்று விலகி இரண்டாவது ரைடர் வருகிறான். கதாநாயகன் ஹிரோஷி ஃபுஜிஓகா படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்தில் காயப்பட்டதுதான் காரணம். 2005-இன் ‘காமென் ரைடர் ஹிபிகி’யில் 30-ஆம் எபிசோடிலிருந்து தொடரின் நடையே வேறாகிறது. தயாரிப்பாளர் மாறினார், எழுத்தாளர் மாறினார். இது தெரியாமல் கதாபாத்திரத்தின் குணம் ஏன் மாறியது என்று மணிக்கணக்காக வாதாடுவது வீண்.

கூகாவிலும் எல்லா எபிசோடையும் அராகாவாவே எழுதவில்லை. தோஷிகி இனோவே எழுதியவை இடையில் வருகின்றன. வசனத்தின் உரசலில் வேறுபாடு தெரியும். எபிசோடு தொடங்கும்போது எழுதியவர், இயக்கியவர் பெயரைக் குறித்து வையுங்கள். நாலு வாரத்தில் உங்களுக்கே அடையாளம் பிடிபட்டுவிடும்.

எங்கே தொடங்குவது என்ற குழப்பம்

1971-இலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வோர் ஆண்டின் ரைடரும் பெரும்பாலும் தனிக் கதை. கூகாவுக்குத் திரையரங்குப் படம் கிடையாது என்பதால் எதை எங்கே செருகுவது என்ற தொல்லையும் இல்லை. அடுத்து வேறு தொடருக்குப் போகும்போது மட்டும் கவனம் தேவை. 2002-இன் ‘காமென் ரைடர் ரியூகி’க்கு ஒரு முடிவைச் சொல்லும் படம், தொலைக்காட்சித் தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்த கோடைக்காலத்திலேயே திரையரங்குக்கு வந்துவிட்டது. வெளியான தேதி வரிசையில் பார்ப்பதா, தொடரை முடித்துவிட்டுப் பார்ப்பதா என்பதைக் குழு முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். நான் தொடரை முதலில் முடிக்கச் சொல்வேன்.

கூகாவின் கடைசிப் பகுதியில் ஓர் ஏற்பாடு மட்டும் செய்துகொள்ளுங்கள். வழக்குக் கணக்கில் 49-ஆம் எபிசோடு எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும். “ஒண்ணுதானே பாக்கி, இப்பவே முடிச்சிடலாம்” என்று 48 முடிந்த கையோடு அதையும் ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம். 48-ஐப் பார்த்த அன்று அதைப் பற்றி மட்டும் பேசுங்கள், பேச வாய் வராவிட்டால் கலைந்து போங்கள். 49-ஐ அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.