நேராக ஓடும் ஜாயின்ட்டை நம்பாதீர்கள்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கும் இரண்டு இளைஞர்கள், என்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சோதனையைப் பார்க்க அழைத்தார்கள். ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் பிரேக் டிரம், நடுவே ஷாஃப்ட், அதன் முனைகளில் மடங்கியபடியே சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட்டுகள். ரசமட்டம் வைத்து எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். "முப்பது மணி நேரமாக ஓடுகிறது அண்ணா, சூடே ஏறவில்லை" என்றார் ஒருவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே மேசையை நானும் ஒரு காலத்தில் கட்டியவன்.

கிரீஸ் போட மறப்பது, சர்க்ளிப்பை (பிடிப்பு வளையத்தை) விட்டுவிடுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுகிறேன்.

நேர்கோட்டில் சோதிப்பது

ஆரம்பகால ஜாயின்ட்டுகள் பலவற்றில் ஊசி பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) கிடையாது. எஃகு முளை ஒன்று புஷ்ஷுக்குள், அதாவது உலோகக் குழல் வளையத்துக்குள், உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்த முளை புஷ்ஷுக்குள் முழுதாகச் சுற்றாது. ஷாஃப்ட் எத்தனை டிகிரி மடங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் இருபுறமும் ஆடும். மடக்கம் இல்லையென்றால் ஆட்டமும் இல்லை. உராயாத இடம் எப்படிச் சூடாகும், எப்படித் தேயும்? அந்த முப்பது மணி நேரமும் சோதிக்கப்பட்டது மோட்டார்தான்.

என்ஜின் பேரிங்கில் தண்டு விடாமல் சுற்றுவதால், எண்ணெய் ஆப்பு போல உள்ளே இழுபட்டு உலோகத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆடும் முளைக்கு அந்த யோகம் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசியிலும் நின்று திரும்புகிறது. அந்தக் கணத்தில் எண்ணெய்ப் படலம் பிதுங்கிப் போகிறது. மசகு தாங்குமா என்பதை மடக்கினால்தான் அறிய முடியும்.

நான் நேராக ஓட்டிப் 'பாஸ்' போட்ட ஜாயின்ட் சில நூறு கிலோமீட்டரில் 'டக் டக்' என்றது. கழற்றினேன். ஒரு முளை சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அதற்கான எண்ணெய்த் துளையில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. மேசையில் அந்த முளை அசையவே இல்லை, பிறகு எப்படிக் காட்டிக்கொடுக்கும்? புஷ், கடைசல் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு மாத வருமானத்தை விழுங்கின. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஊசி பேரிங் உள்ள ஜாயின்ட்டுக்கும் இது பொருந்தும். நேராக நின்றால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தி, வரிவரியாகத் தடம் போடும்.

அதற்காகக் கண்டபடி மடக்கவும் வேண்டாம். ஒற்றை ஜாயின்ட்டை 20 டிகிரி மடக்கினால், அடுத்த பக்க ஷாஃப்ட்டின் வேகம் சுற்றுக்கு இரண்டு முறை ஏறக்குறைய 6 சதவீதம் கூடிக் குறையும். ஜாயின்ட்டை உடைத்தது இந்த வேக ஆட்டமா, மசகுக் குறையா என்று அப்புறம் பிரிக்க முடியாது. காரில் ஆள் ஏறியும் ஏறாமலும் அளந்த கோணங்கள் போதும்.

உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது

1903இல், கார்களுக்கு யுனிவர்சல் ஜாயின்ட் செய்த அமெரிக்கர் கிளாரன்ஸ் ஸ்பைசர் பெற்ற காப்புரிமையே ஜாயின்ட்டை மூடும் உறைக்குத்தான். உறை இல்லையேல் கிரீஸ் சுவரில் இருக்கும்.

ஒரு கப்பில் கிரீஸ் கசிந்ததும் நிறுத்துவது

முளைகளை மூடும் கப் நான்கிலும் கசிய வேண்டும்.

துணித்தட்டு ஜாயின்ட்டுக்கு எண்ணெய்

முளைக்குப் பதில் துணி வட்டே வளைந்து கொடுக்கும் ஜாயின்ட் இது. எண்ணெய் கூடாது.

ஒரே திசையில் சுமை

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் என்ஜினைத் தள்ளும். அந்தத் திசையிலும் சுமை கொடுத்தால்தான் தளர்ச்சி தட்டிக் காட்டும்.

அன்று மோட்டாருக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தி, மறுபடி ஓடவிட்டோம். இருபதாவது நிமிடம், பின் ஜாயின்ட்டில் கை வைக்க முடியவில்லை.