பைத்தானில் மெத்தட், கிளாஸ் மெத்தட்: ஒரு பால் கணக்கு

பால்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம், யாருக்கு எத்தனை லிட்டர் என்று அதில் எழுதியிருப்பார். லிட்டர் விலையை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் எழுத மாட்டார். அட்டையில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். இந்த நோட்டைத்தான் இன்று பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கீழே வரும் கிளாஸ், டெஃப், __இனிட்__, ரிட்டர்ன், பிரிண்ட், கிளாஸ்மெத்தட் ஆகியவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

படி 1: நோட்டு

கிளாஸ் பால்கணக்கு:
    விலை = 50

    டெஃப் __இனிட்__(தன்):
        தன்.லிட்டர் = 0

    டெஃப் ஊற்று(தன், அளவு):
        தன்.லிட்டர் = தன்.லிட்டர் + அளவு

    டெஃப் பாக்கி(தன்):
        ரிட்டர்ன் தன்.லிட்டர் * தன்.விலை

கிளாஸ்தான் நம் நோட்டு, அதில் நேராக எழுதிய விலைதான் அட்டையில் இருப்பது. கிளாஸுக்குள் டெஃப் போட்டு எழுதுவதுதான் மெத்தட். __இனிட்__ மட்டும் புதுப் பக்கம் திறக்கும்போது தானாகவே ஓடும். புத்தகங்களில் ‘செல்ஃப்’ என்று இருக்கும் இடத்தில் நான் ‘தன்’ போட்டிருக்கிறேன். செல்ஃப் என்பது பைத்தான் தனக்கென ஒதுக்கி வைத்த சொல் (கீவேர்டு) இல்லை, வெறும் வழக்கம்தான். அலுவலகத்தில் மட்டும் வழக்கப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் நிரலைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூவில் திட்டு விழும்.

படி 2: அழைப்பது

மாடி = பால்கணக்கு()
கீழ்வீடு = பால்கணக்கு()
மாடி.ஊற்று(2)
மாடி.ஊற்று(1)
கீழ்வீடு.ஊற்று(1)
பிரிண்ட்(மாடி.பாக்கி())

150 வரும். மாடி, கீழ்வீடு இரண்டும் நோட்டின் இரண்டு பக்கங்கள். கிளாஸிலிருந்து இப்படி உருவாகும் ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட். ஊற்று மெத்தட் இரண்டு மதிப்பு கேட்கிறது, நாம் ஒன்றுதானே கொடுத்தோம்? புள்ளிக்கு முன்னால் நிற்கும் மாடியையே பைத்தான் ‘தன்’ ஆக உள்ளே அனுப்பிவிடுகிறது. பால்கணக்கு.ஊற்று(மாடி, 2) என்று நீட்டி எழுதினாலும் அதே வேலைதான் நடக்கும். இது புரிந்துவிட்டால், பாக்கி மெத்தடின் டெஃப் வரியில் ‘தன்’ போட மறந்தவர்களுக்கு வரும் அந்த விசித்திரமான பிழைச் செய்தியும் புரியும்: ‘0 மதிப்புதான் ஏற்கும், 1 வந்திருக்கிறது’. நாம் எதுவுமே கொடுக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம், அந்த 1 மாடிதான்.

அடைப்புக்குறியையும் விட்டுவிடாதீர்கள். பிரிண்டுக்குள் மாடி.பாக்கி என்று மட்டும் எழுதினால் தொகை வராது, மெத்தடைப் பற்றிய ஒரு விவரம்தான் திரையில் வந்து விழும்.

படி 3: விலை ஏறுகிறது

விலை 54 ஆகிறது. எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான். நானும் இப்படித்தான் எழுதினேன்.

    டெஃப் விலைமாற்று(தன், புதுவிலை):
        தன்.விலை = புதுவிலை

மாடி.விலைமாற்று(54) என்று அழைத்துப் பாருங்கள். மாடியின் பாக்கி 162 ஆகிவிடும். கீழ்வீட்டுக்கோ இன்னும் அதே 50. பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. பைத்தான் ஒரு பெயரைப் படிக்கும்போது முதலில் ஆப்ஜெக்டில் தேடும், அங்கே இல்லாவிட்டால் கிளாஸுக்குப் போகும். ஆனால் ‘தன்.விலை =’ என்று எழுதினால் கிளாஸைத் தொடவே தொடாது. மாடியின் பக்கத்திலேயே தனியாக ஒரு விலையைக் கிறுக்கிவிடும். அதன்பிறகு அட்டையில் விலையை எத்தனை முறை மாற்றினாலும் மாடிக்கு எட்டாது.

நமக்கு வேண்டியது அட்டையைத் திருத்தும் மெத்தட். அதுதான் கிளாஸ் மெத்தட். முன்பு எழுதிய விலைமாற்று மெத்தடை அழித்துவிட்டு இதைப் போடுங்கள்:

    @கிளாஸ்மெத்தட்
    டெஃப் விலைமாற்று(வகை, புதுவிலை):
        வகை.விலை = புதுவிலை

மேலே உள்ள @ வரியால், முதல் இடத்துக்கு ஆப்ஜெக்டுக்குப் பதில் கிளாஸே வந்து சேரும். அதனால்தான் ‘வகை’ என்று பெயர் வைத்தேன். அழைக்கும்போது:

பால்கணக்கு.விலைமாற்று(54)

நிரலை முதலிலிருந்து ஓட்டினால் மாடிக்கு 162, கீழ்வீட்டுக்கு 54. இதை அழைக்க ஒரு வீடுகூடத் தேவையில்லை, நோட்டு காலியாக இருந்தாலும் விலையை மாற்றலாம். இன்றைய தேதியைத் தரும் டேட்.டுடே() கூட இதே வகைதான். தேதி ஆப்ஜெக்ட் எதுவும் கையில் இல்லாதபோதே அதை அழைக்கிறோம், அது ஒன்றை உருவாக்கித் தருகிறது.

சரி, இந்த நோட்டில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. 15-ஆம் தேதி விலையை ஏற்றினால், 1-ஆம் தேதி ஊற்றிய பாலுக்கும் புது விலை விழும். மாடி வீட்டு அம்மா சும்மா விட மாட்டார். ஊற்றும்போதே பணத்தைக் கணக்கிட்டு வைத்தால் தீர்ந்தது:

        தன்.தொகை = தன்.தொகை + அளவு * தன்.விலை

இந்த வரி ஊற்று மெத்தடுக்குள் போகும். __இனிட்__-இல் தன்.தொகை = 0 சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாக்கி மெத்தட் தன்.தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.