நிரல் எழுதத் தெரியாதவரின் முதல் புல் ரிக்வெஸ்ட்: கூட இருந்து உதவுபவருக்கு

திறமூல மென்பொருளுக்குப் (நிரலை எவரும் பார்த்து, மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்) பங்களிக்க ஆசைப்பட்டு வருபவரிடம் முதல் நாளே கிட்டை (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) நிறுவச் சொல்லாதீர்கள். டெர்மினல், எஸ்எஸ்எச் சாவி, பில்டு பிழை என்று பொழுது போய்விடும். மென்பொருளின் பக்கமே அவர் போயிருக்க மாட்டார். ஆர்வத்தோடு வந்தவர்கள் திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் பங்களிப்பு, அதாவது முதல் புல் ரிக்வெஸ்ட் ('என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கை), பிரவுசரிலேயே ஒரே அமர்வில் அனுப்பி முடிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

அவர் ஏற்கெனவே பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். அது எங்கே படுத்துகிறது என்பது பயனராக அவருக்குத் தெரியும். பிறகு அந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்த புல் ரிக்வெஸ்டுகளின் பட்டியலைத் திறந்தால், கடைசியாக எது எப்போது மெர்ஜ் ஆனது (திட்டத்தில் சேர்க்கப்பட்டது) என்று தெரியும். பல மாதங்களாக எதுவும் சேரவில்லை என்றால் வேறு திட்டத்துக்குப் போய்விடுங்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம். உரிமம் இல்லையென்றால், நிரல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தாலும் அது திறமூலம் ஆகாது. எல்லாத் திட்டங்களும் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் இருப்பதும் இல்லை: வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப், கிட்லேப் என்ற வேறு தளத்தில் இருக்கிறது, அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸ் நிரல் மாற்றங்களை கெரிட் என்ற தளத்தில் வாங்குகிறது. முதல் முறைக்கு கிட்ஹபில் உள்ள சிறிய திட்டமே வசதி.

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (முதல் பங்களிப்புக்கு ஏற்ற வேலை) என்ற பட்டையை அப்படியே நம்ப வேண்டாம். நிரலை நன்கு அறிந்தவர் ஒட்டிய பட்டை அது. அவருக்கு எளிதாகத் தெரிவது புதியவருக்கு ஒரு வார வேலையாக இருக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நிறுவல் வழிகாட்டியைக் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டும் வரிக்கு வரி செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, கீபோர்டையும் தொடக் கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஆவணத்தில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. பழகியவர் கண்ணில் அது படவே படாது. அந்தப் படியை எழுதிச் சேர்ப்பதே முதல் பங்களிப்பு.

அனுப்புவதற்கு முன், கிட்ஹப் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும் தேர்வை இயக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவருடைய முகவரி கமிட் வரலாற்றில் (சேமித்த மாற்றங்களின் பதிவேட்டில்) பதிந்துவிடும். பிறகு அழிப்பது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

இனி வேலை. கோப்பைத் திறந்து பென்சில் படத்தை அழுத்தினால், ஃபோர்க் (திட்டத்தின் சொந்த நகல்) எடுக்கச் சொல்லும், எடுக்கலாம். திருத்தத்தை அங்கேயே தட்டச்சு செய்ய வேண்டும். வேர்டில் எழுதி ஒட்டினால் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறும். அதை நகலெடுத்து இயக்குபவருக்குக் கட்டளை வேலை செய்யாது. பிரிவியூவில் பார்த்துவிட்டு, என்ன மாற்றினோம் என்பதை ஒரே வரியில் எழுதி 'ப்ரபோஸ் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்தலாம். பலர் இங்கேயே முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். இல்லை. 'கிரியேட் புல் ரிக்வெஸ்ட்' பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும்: முதல் முறை படிவம் திறக்கும், இரண்டாம் முறைதான் திட்டத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் நின்றால் மாற்றம் அவருடைய ஃபோர்க்கிலேயே கிடக்கும், யாருக்கும் தெரியாது.

அனுப்பியதும் தானியங்கிச் சோதனை தோல்வி என்று சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் பதற வேண்டாம். பங்களிப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகாதது, கமிட்டில் சைன்-ஆஃப் வரி (இந்த மாற்றத்தைத் தர உரிமை உண்டு என்று உறுதி கூறும் வரி) இல்லாதது போன்றவையும் காரணமாக இருக்கும். அந்தச் சோதனையின் விவரங்களைத் திறந்து, அவரோடு சேர்ந்து வாசியுங்கள். திட்டத்தைப் பராமரிப்பவர் திருத்தம் கேட்டால், பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பது வழக்கமான பிழை. அதே பிரான்ச்சில் (முன்பு மாற்றம் செய்த கிளையில்) மாற்றினாலே போதும், புல் ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பிக்கப்படும். திருத்தம் கேட்பது நிராகரிப்பு அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு வரி போதும்.

எழுத விருப்பமில்லாதவருக்குப் பிழை அறிக்கை நல்ல வேலை. பதிப்பு எண், இயங்குதளம், செய்த படிகள் வரிசையாக, எதிர்பார்த்தது, நடந்தது: இந்த ஐந்தும் இருந்தால் பராமரிப்பவர் உடனே சோதிக்கலாம். அதே பிழை முன்பே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். லாக் கோப்பை (நடந்ததை மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவு) இணைக்கும் முன் அதில் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இருக்கிறதா என்று இருவரும் பாருங்கள்.

எண்ணிக்கைக்காக அனுப்பவே கூடாது. 2020-இல், அக்டோபரில் நடக்கும் திறமூலப் பங்களிப்பு நிகழ்வான ஹேக்டோபர்ஃபெஸ்ட்டின் டி-ஷர்ட்டுக்காக அர்த்தமற்ற புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன; பராமரிப்பவர்கள் அவதிப்பட்ட பிறகு, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டும் பங்கேற்கும்படி அந்த நிகழ்வின் விதியே மாறியது. ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்க்க ஒருவரின் நேரத்தைக் கேட்கலாமா என்று அவரையே யோசிக்க விடுங்கள்.

ஒரே மாற்றத்துக்குப் பல கோப்புகளைத் தொட வேண்டிய நாளில் கிட்டைத் திறக்கலாம். குளோன் (நகலெடுக்க), ஸ்விட்ச் (கிளை மாற), ஆட் (மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க), கமிட் (பதிய), புஷ் (அனுப்ப) என்ற ஐந்து கட்டளைகள் அப்போதைக்குப் போதும். ரீபேஸை (மாற்றங்களைப் புதிய நிலையின் மேல் மீண்டும் அடுக்குவது) அது தேவைப்படும்போது சொல்லிக்கொடுக்கலாம்.